அப்டேட் போட்டேன், நெட் போச்சு: ஒரு சின்ன வரலாறு

போன செமஸ்டரில் நடந்த கூத்து இது. காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மென்ட்டை ராத்திரி 12 மணிக்குள் அனுப்பியாக வேண்டும். பத்தரை மணிக்கு என் லேப்டாப் தானாகவே ஒரு அப்டேட்டைப் போட்டுக்கொண்டு, தானாகவே அணைந்து, தானாகவே எழுந்தது. எழுந்த பிறகு பார்த்தால் வைஃபை அடையாளத்தையே காணோம். பக்கத்துக் கட்டிலில் ரூம்மேட்டுக்கு நெட் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. கடைசியில் போனை வயர் போட்டு லேப்டாப்பில் மாட்டி, அதன் நெட்டைக் கடன் வாங்கி 11.50க்கு அனுப்பித் தொலைத்தேன். மறுநாள் பழைய வைஃபை டிரைவரைத் திரும்பப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

"அப்டேட்டையே ஆஃப் பண்ணிடு மச்சி, நிம்மதியா இருக்கலாம்" என்றான் ரூம்மேட். கிட்டத்தட்ட பண்ணியே விட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். இந்த யோசனை இவனுக்கு மட்டும் தோன்றியதா, இல்லை உலகம் முழுக்க எல்லோரும் இதையேதான் சொல்கிறார்களா? சொன்னவர்கள் கதி என்ன ஆயிற்று? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இருபது வருஷத்துக்கு மேலான ஒரு கதை கிடைத்தது. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் எந்த என்ட்ரியில் தப்பு என்று பின்னாலிருந்து தேடிக்கொண்டே போவதுதானே எங்கள் பிழைப்பு :)

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1990களின் தொடக்கத்தில் விண்டோஸுக்குள் இணையம் என்ற சமாச்சாரமே கிடையாது. விண்டோஸ் 3.1 வாங்கியவர், இணையத்தின் மொழியைப் பேசும் மென்பொருளை வேறு எங்காவது தேடிப் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய 'ட்ரம்பெட் வின்சாக்' அப்போது உலகப் பிரபலம். ஆளுக்கொரு மென்பொருள், ஆளுக்கொரு முறை என்று குழம்பாமல் இருக்கப் பல கம்பெனிகள் சேர்ந்து 1992-93இல் வகுத்த பொது ஏற்பாட்டுக்குப் பெயர்தான் 'வின்சாக்'. பிரவுசர், மெயில் என எதுவானாலும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

பிறகு இந்த வாசலில் நடுவே நின்றுகொள்ள மற்ற மென்பொருள்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆன்டிவைரஸ் வந்து நின்றது. விளம்பரம் திணிக்கும் திருட்டு மென்பொருளும் வந்து நின்றது. ஒருவர் கையை ஒருவர் பிடித்த மாதிரி ஒரு சங்கிலி. நடுவில் ஒன்றை அவசரமாகப் பிடுங்கி எறிந்தால் சங்கிலி அறுந்துவிடும். கணினி 'கனெக்டட்' என்று சொல்லும், ஒரு பக்கமும் திறக்காது. 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல்தான் இதைச் சரி செய்ய 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. இன்றைக்கும் நெட் வரவில்லை என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் அடிக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த அறுந்த சங்கிலியைப் பழையபடி கட்டி வைக்கிற வேலை அது, அவ்வளவுதான்.

இனி அப்டேட் கதை. விண்டோஸ் 98 வந்தபோது 'விண்டோஸ் அப்டேட்' கூடவே வந்தது. அதாவது மருந்தும் இணையம் வழியாகவே வீட்டுக்கு வரும். ரொம்ப வசதி. ஆனால் நோயும் அதே ரோட்டில்தானே வருகிறது? 2003 ஆகஸ்டில் இது எல்லோருக்கும் உறைத்தது.

அந்த வருடம் ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது. போட்டவர்கள் கொஞ்சம், போடாதவர்கள் ஏராளம். ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற புழு அதே ஓட்டை வழியாக உள்ளே வந்தது. நடுவில் 26 நாள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பிளாஸ்டர் புகுந்த எக்ஸ்பி கணினியில் ஒரு பெட்டி தோன்றும். 60 நொடியில் கணினி அணையப்போகிறது என்று எண்ண ஆரம்பிக்கும். பேட்ச் இறக்கலாம் என்று டயல்-அப்பில் இணைந்தால், அது இறங்கி முடிவதற்குள் கணினி அணைந்துவிடும். மறுபடி போட்டு மறுபடி இணைந்தால் மறுபடியும் அதே 60 நொடி. மருந்துக் கடைக்குப் போகிற வழியிலேயே நோய் உட்கார்ந்திருக்கிற நிலைமை. அந்த எண்ணிக்கையை நிறுத்த ஒரு கட்டளை உண்டு, தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். இதில் பெரிய வேடிக்கை, எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஆஃப் செய்யப்பட்ட நிலையில்தான் விற்றார்கள்.

அதனால் 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலை ஆன் செய்தே கொடுத்தது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த சில விளையாட்டுகள், ஆபீஸ் மென்பொருள்கள், ஃபைல் ஷேரிங் எல்லாம் வாசலிலேயே மறிக்கப்பட்டன. ஒரே நேரத்தில் பாதியில் நிற்கும் புதிய இணைப்புகள் 10க்கு மேல் போகக்கூடாது என்றும் கட்டுப்பாடு போட்டார்கள். புழு வேகமாகப் பரவாமல் தடுக்கத்தான் அது. டொரண்ட் பிரியர்கள் கொதித்துப்போய், அந்த ஃபைலையே திருத்தி எழுதும் சின்ன மென்பொருளைத் தேடி அலைந்தார்கள். 'சர்வீஸ் பேக் 2 போடாதே' என்கிற அறிவுரை அப்போதே பிரபலம். ஆக ரூம்மேட்டின் யோசனைக்கு வயது இருபதுக்கும் மேல்!

ஆனால் எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் 2008 ஜூலைதான். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

நாம் பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அதன் எண் முகவரி என்ன என்று கணினி முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். கேள்விக்கு ஒரு டோக்கன் நம்பர் உண்டு. அதே டோக்கனோடு வருகிற பதில்தான் செல்லும். மொத்தம் 65,536 டோக்கன்கள். போலிப் பதில் அனுப்ப நினைப்பவன் சரியான டோக்கனை ஊகிக்க வேண்டும், அதுவும் உண்மையான பதில் வருவதற்குள். தப்பினால் அடுத்த வாய்ப்புக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஆபத்து குறைவு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

டான் காமின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 2008 தொடக்கத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இல்லாத பெயர்களையே வரிசையாகக் கேட்க வைத்தால் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை! ஒவ்வொரு கேள்வியும் ஒரு புது வாய்ப்பு. ஏதாவது ஒன்றில் டோக்கன் பொருந்தினால், போலிப் பதிலோடு சேர்த்து 'இந்தத் தளத்தைப் பற்றி இனி எல்லாவற்றையும் என்னிடமே கேள்' என்று ஒரு வரியையும் நுழைத்துவிடலாம். அப்புறம் நீங்கள் பாங்க் பெயரைச் சரியாக அடித்தாலும் திருடன் வீட்டுக்குத்தான் போவீர்கள்.

இதை அவர் தண்டோரா போடவில்லை. டிஎன்எஸ் உலகின் பெரிய தலை பால் விக்ஸியிடம் சொன்னார். மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் 16 நிபுணர்கள் ரகசியமாகக் கூடினார்கள். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில் பேட்ச் வெளியிடுவது என்று முடிவு. அந்த நாள் ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. வைத்தியம் எளிமையானது. ஒவ்வொரு கேள்வியும் இனிமேல் ஒரே கதவு வழியாகப் போகாது, ஆயிரக்கணக்கான கதவுகளில் ஏதோ ஒன்றின் வழியாகப் போகும். திருடன் டோக்கனையும் ஊகிக்க வேண்டும், கதவையும் ஊகிக்க வேண்டும்.

வணிகப் போட்டி பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிற எனக்கு, இத்தனை கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதே பெரிய ஆச்சரியம். நிற்க.

ஜூலை 8 அன்று விண்டோஸ் கணினிகள் அந்த பேட்சைப் போட்டுக்கொண்டன. எழுந்து பார்த்தால், உலகெங்கும் ஒரு கூட்டத்துக்கு இணையமே இல்லை! எல்லோருக்கும் இல்லை, 'ஸோன்அலாரம்' என்ற ஃபயர்வாலை வைத்திருந்தவர்களுக்கு மட்டும். இலவசமாகக் கிடைத்ததால் வீட்டுக் கணினிகளில் பரவலாக இருந்த மென்பொருள் அது. புதுப் புதுக் கதவுகள் வழியாக டிஎன்எஸ் கேள்விகள் போக ஆரம்பித்ததும், இது என்னவோ சரியில்லை என்று எல்லாவற்றையும் மறித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் செய்தது சரி. ஸோன்அலாரமும் தன் காவல் வேலையைத்தான் செய்தது. இரண்டு காவல்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டதில் வீட்டுக்காரன் வெளியே நின்றான்.

ஸோன்அலாரத்தை வைத்திருந்த செக் பாயின்ட் நிறுவனம் உடனே வழிகள் சொன்னது. புதிய பதிப்பைப் போடு. இல்லை, பாதுகாப்பு அளவை 'ஹை'யிலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கு. இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் பேட்சையே கழற்று. முதல் வழிக்கு இணையம் வேண்டும், அதுதான் இல்லையே! மீதி இரண்டும் ஏதோ ஒரு பூட்டைத் திறந்து வைக்கிற வழிகள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். ஓரிரு நாளில் ஸோன்அலாரம் சரி செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பேட்சைக் கழற்றியவர்களில் எத்தனை பேர் திரும்பப் போட்டிருப்பார்கள்? நானாக இருந்தால், உண்மையைச் சொல்கிறேன், போட்டிருக்க மாட்டேன்.

காமின்ஸ்கி முழு விவரத்தையும் ஆகஸ்டு மாத பிளாக் ஹாட் மாநாட்டில்தான் சொல்வதாக இருந்தார். ஜூலை 21 அன்றே விஷயம் கசிந்துவிட்டது. இரண்டொரு நாளில் தாக்கும் நிரல்களும் வெளியே வந்துவிட்டன. பேட்ச் வந்து 13 நாள். இதில் பெரிய ஆபத்து இணையச் சேவை நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்குத்தான், நம் வீட்டுக் கணினிக்குக் குறைவு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

காமின்ஸ்கி 2021 ஏப்ரலில் இறந்துவிட்டார், வயது 42தான்.

விண்டோஸை மட்டும் திட்டினால் ஆப்பிள், லினக்ஸ் நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்கள் கதையையும் பார்த்துவிடுவோம். அதே 2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளைப் போட்ட சிலருடைய கணினிகளில் இன்டெல் ஈதர்நெட் செத்தே போனது. டிரைவர் கெடவில்லை, கார்டுக்குள் இருக்கும் நிரந்தர நினைவகமே அழிந்துபோனது! பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் பலனில்லை. எல்லோரும் ஈதர்நெட் டிரைவரைச் சந்தேகித்தார்கள். பார்த்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத, கெர்னலின் நடமாட்டத்தைக் கவனிக்கிற 'எஃப்ட்ரேஸ்' என்ற பகுதி, காலி செய்யப்பட்ட பழைய நினைவக முகவரியில் போய் எழுதியிருக்கிறது. அந்த இடத்துக்கு அதற்குள் ஈதர்நெட் கார்டு குடிவந்துவிட்டது. காலி செய்த வீட்டு முகவரிக்கே கடிதம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், இது குண்டு போட்ட மாதிரி.

ஆப்பிள் 2014 அக்டோபரில் யோசெமிட்டி வெளியிட்டபோது, பல வருடம் ஒழுங்காக ஓடிய பெயர் தேடும் நிரலை எடுத்துவிட்டு 'டிஸ்கவரிடி' என்ற புதியதைப் போட்டது. வைஃபை பற்றிப் புகார் மேல் புகார். 2015 ஜூன் 30இல் வந்த 10.10.4-இல் பழைய நிரலையே திரும்ப அழைத்து வந்தார்கள். 2016 பிப்ரவரியிலோ, பின்னணியில் சத்தமில்லாமல் வந்த ஒரு பாதுகாப்புப் பட்டியல், ஆப்பிளின் சொந்த ஈதர்நெட் டிரைவரையே தடை செய்யப்பட்டவர்கள் லிஸ்டில் சேர்த்துவிட்டது. சரி செய்ய வைஃபையில் இணைந்து ஒரு கட்டளை அடிக்க வேண்டும். வைஃபை இல்லாத ஆபீஸ்காரர் பாடு திண்டாட்டம்.

இனி 2016 டிசம்பர். அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஒரு பெரிய மாற்றம். வீட்டுப் பதிப்பில் அப்டேட் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விட்டது. போடாமல் விட்டவர்களால் வந்த வினைகளைப் பார்த்து எடுத்த முடிவு, காரணம் புரிகிறது. ஆனால் அப்படிக் கட்டாயமாகப் போட்டால், கெட்டுப்போனதற்கும் பொறுப்பு போட்டவர் தலையில்தானே விழும்?

டிசம்பர் 8ஐ ஒட்டி பிரிட்டனில் விண்டோஸ் 8, விண்டோஸ் 10 கணினிகள் திடீரென்று இணையத்தை இழந்தன. மக்கள் இணைய நிறுவனங்களுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள், 'எங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு விண்டோஸில்' என்றார்கள். பிரச்சினை இதுதான்: வீட்டு ரவுட்டரோடு கணினி இணைந்ததும் 'எனக்கு ஒரு முகவரி கொடு' என்று கேட்க வேண்டும், ரவுட்டர் கொடுக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கவில்லை. முகவரி கிடைக்காத விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் எப்போதாவது அந்த எண்ணைப் பார்த்தால் இதுதான் அர்த்தம். வயர் சரி, வைஃபை சரி, ரவுட்டர் சரி, ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தன் உதவித் தளத்தின் உச்சியில் ஒரு அறிவிப்பு வைத்தது. இணையம் வரவில்லையா, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட் என்று. இணையம் இல்லாதவருக்கான அறிவிப்பு இணையத்தில்! சிரிப்பு வந்தாலும் அந்த 'ஷட்டவுன் அல்ல' என்பதில் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் சீக்கிரம் எழுவதற்காக, ஷட்டவுன் செய்தால் கணினி முழுதாக அணைவதில்லை, உள்ளே நடப்பதில் ஒரு பகுதியை அப்படியே எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. காலையில் எழுந்தால் நேற்றைய கோளாறோடேயே எழும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டிசம்பர் 13 அன்று வந்த அப்டேட்டின் குறிப்பில், ஒரு பின்னணிச் சேவை செயலிழந்து அதனால் முகவரி பெற முடியாமல் போனதைச் சரி செய்ததாக எழுதியிருந்தார்கள்.

அது முடிந்து ஐந்தே மாதத்தில் கணக்கின் மறுபக்கம் வந்தது. 2017 மார்ச் 14 அன்று ஒரு பேட்ச். மே 12 அன்று அதே ஓட்டையில் 'வான்னாக்ரை'. நடுவில் 59 நாள். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாதிப்பு, ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஏன் பேட்ச் போடவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஆனால் 'ஓடுகிற கணினியைத் தொடாதே' என்பது எவ்வளவு காஸ்ட்லியான அறிவுரை என்று அந்த வெள்ளிக்கிழமை காட்டியது.

இதற்குப் பிறகும் அப்டேட் நெட்டைப் பறிப்பது நிற்கவில்லை. 2020 பிப்ரவரி 27 அப்டேட்டுக்குப் பின் விபிஎன், ப்ராக்ஸி பயன்படுத்தியவர்களுக்கு இணையம் தகராறு செய்தது. ஊரே வீட்டிலிருந்து விபிஎன்னில் வேலை செய்ய ஆரம்பித்த நேரம் பார்த்து! மார்ச் 30 அன்று அவசரத் தீர்வு வந்தது. 2021இல் கெட்ட மாற்றத்தை மட்டும் தூரத்திலிருந்தே திருப்பிக்கொள்ளும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செய்தியும் நெட் வழியாகத்தான் வந்து சேர வேண்டும், நெட்டே போனவனுக்கு?

இப்போது அந்த மூன்று எண்களை எடுங்கள். 26, 13, 59. பேட்ச் வந்ததற்கும் அந்த ஓட்டை பகிரங்கமானதற்கும் அல்லது தாக்குதல் வந்ததற்கும் நடுவில் கிடைத்த நாட்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, வீட்டுக்காரருக்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது, ஏழேழு நாளாக மொத்தம் 35 நாள். 35 நாளும் தள்ளிப்போட்டவர் வான்னாக்ரையில் தப்பியிருப்பார், பிளாஸ்டரில் மாட்டியிருப்பார். மறுபக்கம், ஸோன்அலாரம் சண்டை ஓரிரு நாளில் தீர்ந்தது, பிரிட்டன் கோளாறு ஒரு வாரத்துக்குள். யோசெமிட்டி மாதிரி எட்டு மாதம் இழுத்தவையும் உண்டுதான். ஆனாலும் முதல் நாளே போடுவதற்கும் போடவே மாட்டேன் என்பதற்கும் நடுவில் ஒரு வாரம் என்று ஒரு இடம் இருக்கிறது. ரூம்மேட்டிடம் சொன்னேன், "டேய், இதையும் காஸ்ட் அக்கவுண்டிங் ஆக்கிட்டியா" என்றான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவின் ஹார்டுவேர் கடை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அப்டேட் மொத்தமாக ஆஃப். என்றைக்கோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நெட் போய், சிமென்ட் லோடு வண்டி வாசலில் நிற்க, இ-வே பில் போட முடியாமல் அரை நாள் போயிருக்கிறது. சர்வீஸ் பண்ண வந்தவர் அன்றைக்கே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வருஷக் கணக்கு அதில்தான் இருக்கிறது. முதலில் அதை ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் அப்டேட்டை ஆன் செய்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. இனிமேல் ஒரு வாரம் தள்ளிப் போடுகிற மாதிரி வைத்து, போன் நெட்டை எப்படி மாட்டுவது என்று ஒரு பேப்பரில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டினேன்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "மறுபடி நெட் போயிடுச்சுன்னா?" என்றார்.

"அந்தப் பேப்பர்ல இருக்கிறபடி செய்ங்கப்பா."

"போன்லயும் சிக்னல் இல்லைன்னா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவரே மேஜை டிராயரை இழுத்துப் பார்த்தார். கார்பன் பேப்பர் வைத்த பழைய பில் புக் உள்ளேதான் இருந்தது.